நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தெட்டுக்கும் நடுவே

(மும்பைத் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாற்பத்தைந்து வயதுக்கு மேல் வேலை போய், மறுபடி வேலை தேடுகிறவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இங்கே இருக்கும் பலருடைய வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார். காலையில் வழக்கமான நேரத்துக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிவிடுகிறார். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்ற கவலை. எங்கே போகிறார் என்று மனைவி கேட்பதில்லை; பிள்ளைகளும் கேட்பதில்லை. அவர் சார்பில்தான் பேசப்போகிறேன்.

இரண்டு எண்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 45. தனியார் வேலை விளம்பரங்களில் 35 என்றும் 40 என்றும் போடுவார்கள். மிகவும் தாராளமானவர்கள் 45 என்று போடுவார்கள். இன்னொரு எண் 58. வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் முழு ஓய்வூதியம் கிடைக்கும் வயது அது. பத்து வருட சர்வீஸ் இருந்தால் ஐம்பது வயதிலேயே கேட்கலாம். ஆனால் ஐம்பத்தெட்டுக்குக் குறைகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. 45-இல் சந்தை உங்களை வேண்டாம் என்கிறது. 58-இல் அரசு ஓய்வூதியம் தருகிறது. நடுவில் 13 வருடம். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், பெண்ணின் கல்யாணம், வீட்டுக்கடனின் கடைசித் தவணைகள், அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் வந்து விழுவது அந்தப் பதின்மூன்று வருடத்தில்தான்.

அப்படியே 58 வரை தாக்குப்பிடித்தால் கிடைப்பது எவ்வளவு? இன்றைய உச்சவரம்புச் சம்பளம் 15,000 ரூபாய். அதை 25 வருட சர்வீஸால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் சுமார் 5,350 ரூபாய் வரும். 2014 செப்டம்பருக்கு முன் வரம்பு 6,500-ஆக இருந்ததால், பழைய சர்வீஸ் உள்ளவர்களுக்குக் கைக்கு வருவது அதற்கும் குறைவு. குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-இல் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். செம்பூரில் ஒரு குடும்பம் மாதம் 1,000 ரூபாயில் எத்தனை நாள் காய்கறி வாங்கும் என்பது இங்கே இருக்கும் தாய்மார்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

மும்பைத் தமிழர்களுக்கு வேலை தேடுவது புதிதில்லை. நம் சமூகம் இந்த ஊருக்கு வந்ததே வேலை தேடித்தான். தஞ்சாவூர், பாலக்காடு, திருநெல்வேலி என்று பல ஊர்களிலிருந்தும் டிரங்குப் பெட்டியோடு இறங்கிய பையன், மாட்டுங்காவில் யாரோ ஒரு மாமா வீட்டுத் திண்ணையிலோ நாலைந்து பேர் சேர்ந்து எடுத்த அறையிலோ ஒண்டிக்கொள்வான். ஊரிலேயே டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருப்பான். ஷார்ட்ஹேண்டும் தெரிந்தால் அவனுக்கு மவுசு. கோட்டைப் பக்கத்துக் கம்பெனியில் ஹெட் கிளார்க்காக இருக்கும் ஊர்க்காரர் மானேஜரிடம் ஒரு வார்த்தை சொல்வார். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிடுவான். 1932-இல் தொடங்கிய சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியின் பள்ளி அவன் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. மாட்டுங்கா ஸ்டேஷன் அருகில் ராம நாயக் 1942-இல் தொடங்கிய உடுப்பி போர்டிங், கல்யாணமாகும் வரை அவனுக்குச் சோறு போட்டது. வேலை வாங்கிக் கொடுப்பது நம் பெரியவர்களுக்குக் கோயில் கைங்கரியம் மாதிரி. காசு வாங்காமல், பிரதியாக எதையும் எதிர்பார்க்காமல் செய்தார்கள்.

1960-களில் அந்த வழியில் கல் விழுந்தது. 1966 ஜூனில் சிவசேனை தொடங்கியது. அதன் சார்பான மார்மிக் பத்திரிகை பெரிய கம்பெனிகளில் இருந்த தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டது. பெயரைப் பார்த்து விண்ணப்பத்தை ஒதுக்கிய காலம் அது. நம் மக்கள் மராத்தி கற்றுக்கொண்டு, அக்கம்பக்கத்தோடு கலந்து, அதையும் தாண்டி நின்றார்கள். இன்று விண்ணப்பத்தை ஒதுக்குகிறவர்கள் பார்ப்பது பிறந்த வருடத்தை. மொழியைக் கற்றுக்கொள்ளலாம். பிறந்த வருடத்தை என்ன செய்வது?

1975-இல் இருபது வயதில் தாதரில் வந்து இறங்கிய பையனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் தட்டிய தட்டச்சு இயந்திரம் கோத்ரெஜாக இருந்திருக்கலாம். அந்தக் கம்பெனி தன் முதல் இயந்திரத்தை 1955-இல் வெளியிட்டது. 2000-இல் அவனுக்கு 45 வயது. அந்த ஆண்டுதான் பொதுத்துறை வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டத்தைக் கொண்டுவந்தன. 15 வருட சர்வீஸ் அல்லது 40 வயது இருந்தால் போகலாம் என்றார்கள். 2000–01-இல் நாடெங்கும் சுமார் ஒரு லட்சம் பேர் போனார்கள். தனியார் கம்பெனிகள் பின்தொடர்ந்தன. 2009-இல் கோத்ரெஜ் தட்டச்சு இயந்திரம் செய்வதையே நிறுத்திவிட்டது. முப்பது வருடம் பிழையில்லாமல் கடிதம் அடித்த விரல்களுக்கு வேலை இல்லாமல் போனதற்கு அந்த விரல்களின் குற்றம் எதுவுமில்லை.

இதே ஊரில் இதைவிடப் பெரிதாக ஒன்று முன்பே நடந்தது. 1982 ஜனவரி 18-இல் தத்தா சாமந்த் தலைமையில் பஞ்சாலை வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளிகள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். தறியில் தேர்ந்த நாற்பது வயதுக்காரர் காய்கறி வண்டி தள்ளினார். இரவில் காவலுக்கு நின்றார். லோயர் பரேலில் ஃபீனிக்ஸ் மில் நின்ற இடம் இன்று மால். பஞ்சாலைப் பகுதியான கிரண்காவில் 1982-க்குப் பிறகு நடந்ததை மும்பை ஒழுங்காகப் படித்திருந்தால், வேலை இழந்த நடுவயதுக்காரருக்கு என்ன செய்வது என்று ஒரு ஏற்பாடு அப்போதே பிறந்திருக்கும். பிறக்கவில்லை. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியபோதும் அதே திகைப்புதான். 2020 ஜனவரி 31-ஆம் தேதி ஒரே நாளில், பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். இரண்டிலும் சேர்த்து ஐம்பது வயதைக் கடந்த 92,000-க்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் வெளியே வந்தார்கள். ஏதாவது ஒரு சின்ன வேலை பார்க்கலாம் என்று அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் கொரோனா வந்து ஊரடங்கு போட்டது.

விருப்ப ஓய்வைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும். இதில் ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் ஆட்குறைப்புக்கு மூன்று முக்கியக் கட்டுப்பாடுகள் வைத்தது. வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் இழப்பீடு தர வேண்டும். கடைசியில் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். மறுபடி ஆள் எடுக்கும்போது அனுப்பப்பட்ட பழையவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். வயதான தொழிலாளிக்கு இவ்வளவு பொருத்தமான பாதுகாப்பு வேறு எதுவும் கிடையாது. ஆனால் 'சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்' என்று கையெழுத்துப் போட்டால் அது ஆட்குறைப்புக் கணக்கில் வராது. முன்னுரிமை போச்சு. இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்தவர் வேலை இழந்தால் பாதிச் சம்பளத்தை 90 நாள் வரை தரும் திட்டம் ஒன்று உண்டு. 2018-இல் நான்கில் ஒரு பங்கு என்று தொடங்கி, கொரோனாவின்போது பாதி ஆக்கினார்கள். விருப்ப ஓய்வில் போனவருக்கு அதுவும் கிடையாது. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் மறுதிறன் நிதி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வேலை இழந்தவருக்கு மேலும் 15 நாள் சம்பளம். அதுவும் ஆட்குறைப்புக்கு ஆளானவருக்குத்தான்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. மேற்பார்வை வேலையில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் சம்பளம் வாங்குகிறவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி இல்லை. பழைய சட்டத்தில் அந்தத் தொகை 10,000 ரூபாய். புதிய தொகுப்பில் 18,000. கிளார்க்காக இருந்தவருக்கு நாற்பது வயதில் 'எக்ஸிக்யூட்டிவ்' என்று கார்டு அடித்துக் கொடுத்தார்களே, வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடினோமே, அன்றைக்கே கம்பெனிக்காரர்கள் அவரைத் தொழிலாளி இல்லை என்று வாதாட இடம் பிறந்துவிட்டது. செட்டில்மென்ட் தாளில் கையெழுத்துப் போடும் முன் ஒரு தொழிற்சங்கக்காரரிடமோ வக்கீலிடமோ காட்டுங்கள். ஒரு வாரம் அவகாசம் கேட்டால் யாரும் தூக்கில் போட மாட்டார்கள்.

தாராவியில் நிலைமை வேறு. அங்கே வேலை தேடுகிறவரிடம் பயோடேட்டாவும் இல்லை, பி.எஃப். எண்ணும் இல்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். பதனிடும் கூடங்கள் தாராவியை விட்டுப் போன பிறகு பையும் பெல்ட்டும் பர்ஸும் தைத்தார்கள். தையலுக்குக் கண் வேண்டும். 45-இல் ஊசி மங்கத் தொடங்கும். கார்கானாக்காரர் பீஸ் கணக்கில்தான் கூலி தருவார். வேகம் குறைந்தால் கூலி குறையும், கொஞ்ச நாளில் ஆளே வேண்டாம். போகச் சொல்லி யாரும் கடிதம் கொடுப்பதில்லை. நாளைக்கு வர வேண்டாம், சொல்லி அனுப்புகிறேன் என்பார்கள். அந்த நாளை வருவதில்லை. பெண்கள் முறுக்குச் சுற்றுவதிலும் இட்லி வியாபாரத்திலும் இறங்கிச் சமாளிக்கிறார்கள். விடியற்காலையில் தாராவியிலிருந்து சைக்கிளில் பாத்திரம் கட்டி நகரமெங்கும் இட்லி கொண்டுபோகிறவர்களில் தலை நரைத்தவர்களைக் கவனித்துப் பாருங்கள். அதில் சிலர் முன்பு வேறு தொழிலில் தேர்ந்தவர்கள்.

வயதானவருக்கு வேலை என்பது நடந்து போகும் தூரத்தில் இருப்பது. தாராவி மறுசீரமைப்பில் 2000 ஜனவரி 1-க்கு முன் கட்டிய தரைத்தள வீட்டுக்காரருக்குத் தாராவியிலேயே இலவச வீடு. மற்றவர்களில் பெரும்பாலோர் வெளியே போக வேண்டும். இளைஞன் இரண்டு லோக்கல் மாறி வேலைக்குப் போவான். ஐம்பத்தைந்து வயதில் முழங்கால் வலியோடு முறுக்குக் கூடத்தில் வேலை பார்க்கும் அம்மாவை வெகுதூரத்தில் கொண்டுபோய் வைத்தால், வீடு கிடைக்கும், வேலை போகும். சதுர அடிக் கணக்குப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்கிறேன்.

ஆண்களுக்குக் கடைசியில் மிஞ்சுவது வாட்ச்மேன் வேலை. 2005-ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு நிறுவனச் சட்டம் 65 வயது வரை காவலராக இருக்க அனுமதிக்கிறது. வயதைக் காட்டித் துரத்தாத மிகச் சில வேலைகளில் அது ஒன்று. அதனால்தான் செம்பூர் சொசைட்டிகளின் வாசலில் முன்னாள் ஃபிட்டரும் முன்னாள் கணக்கரும் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு மகாராஷ்டிரத்தில் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி நலவாரியம் உண்டு. அதில் பதிவு 60 வயது வரை. அறுபதுக்குப் பிறகும் அவர்கள் பாத்திரம் தேய்க்கிறார்கள், வாரியத்தின் பெயர்ப் பட்டியலில்தான் இருப்பதில்லை.

படித்தவர்கள் பக்கம் திரும்புகிறேன். வேலைவாய்ப்பு இணையதளங்களில் விண்ணப்பித்தால் பதிலே வருவதில்லை என்கிறார்கள். காரணம் எளிது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் அனுபவ வருடம் இத்தனையிலிருந்து இத்தனை என்று சல்லடை வைத்துவிடுகிறார். உங்கள் விண்ணப்பத்தை எந்த மனிதரும் பார்ப்பதற்கு முன்பே அது கீழே விழுந்துவிடுகிறது. தப்பித்தவறி நேர்காணலுக்கு அழைத்தால் எதிரில் முப்பது வயது மேலாளர். சித்தப்பா வயதுக்காரரை எப்படி வேலை ஏவுவது என்று அவருக்குச் சங்கடம்; தம்பி வயதுக்காரரிடம் எப்படிக் கைகட்டி நிற்பது என்று இவருக்குச் சங்கடம். பழைய சம்பளத்தைச் சொன்னால் அதிகம் என்பார்கள். குறைத்துச் சொன்னால் ஏதோ கோளாறு என்று சந்தேகப்படுவார்கள். அனுபவம் ஒரு சொத்து என்று மேடையில் பேசுகிறோம். நேர்காணல் அறையில் அது பாரமாகிவிடுகிறது.

இதற்கு நடுவில் காகிதத் தொல்லை. இது நம்மவர்களுக்கே உரிய தொல்லை என்று சொல்லலாம். நமக்கு முதலெழுத்து மட்டும் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. இந்த ஊர்ப் படிவமோ பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் வைத்திருக்கும். ஒரு கம்பெனி முதலெழுத்தை விரித்து எழுதியது, இன்னொன்று அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கியது, ஆதாரில் மூன்றாவது மாதிரி. பிறந்த தேதியைப் பள்ளியில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியர் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு நாள் என்று போட்டார். 2014-இல் பி.எஃப். கணக்குக்கு ஒரே எண் என்று வந்த பிறகு இந்த வித்தியாசங்களெல்லாம் வெளியே வந்தன. பழைய கணக்கில் திருத்த வேண்டுமானால் பல நேரங்களில் பழைய முதலாளியின் கையெழுத்து வேண்டும். கம்பெனி மூடிப் பத்து வருடம் ஆகியிருக்கும். கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள்? மூடிய நிறுவனத்தின் தொழிலாளிக்கு கெஜட்டட் அதிகாரி போன்றவர்களின் சான்றொப்பத்தை ஏற்க வழி இருக்கிறது. இந்தத் தகவல் தெரியாமலே சொந்தப் பணத்தை எடுக்க முடியாமல் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். வேலையில் இருக்கும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் பெயரும் தேதியும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். முதலாளி இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசு வேலையில் பாகுபாடு கூடாது என்று அரசியல் சாசனத்தின் 16-ஆவது பிரிவு சொல்லும் பட்டியலில் மதம், இனம், சாதி, பால், வம்சம், பிறந்த இடம், வசிப்பிடம் எல்லாம் உண்டு. வயது இல்லை. தனியார் துறையில் வயதைக் காட்டி மறுக்கக் கூடாது என்று நம் நாட்டில் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. தனியார் விஷயத்தில் நாடாளுமன்றம் தலையிட முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆளெடுப்பில் ஆண் பெண் பேதம் கூடாது என்று 1976-இலேயே சட்டம் செய்தார்கள். 2017-இல் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வேலை மறுப்பதைத் தடுத்தார்கள். மனம் இருந்தால் வயதையும் சேர்க்கலாம். அமெரிக்கா 1967-இல், நாற்பது வயதைக் கடந்தவர்களுக்காகவே ஒரு சட்டம் செய்தது. சிங்கப்பூரில் 2012 முதல், ஓய்வு வயதை அடைந்த, உடல்நலமும் தகுதியும் உள்ள ஊழியருக்கு மறுநியமனம் தர முதலாளி முன்வர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2022 ஜூலையில் ஓய்வு வயதை 63 ஆகவும் மறுநியமன வயதை 68 ஆகவும் உயர்த்தினார்கள். நம் சொந்தக்காரர்களே அங்கே அந்தச் சட்டத்தின் கீழ் வேலை பார்க்கிறார்கள்.

வயது வரம்பு என்ற பழக்கத்தை இந்த நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தது அரசு விளம்பரம்தான் என்பது என் கருத்து. அதிலும் விலக்கு உண்டு. தமிழ்நாட்டில் குரூப் 2 பணிகளில் பலவற்றுக்குப் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினருக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. நாற்பதைக் கடந்தவர்கள் எழுதித் தேறி வேலை பார்க்கிறார்கள். அதனால் எந்த அலுவலகமும் இடிந்து விழவில்லை.

மத்திய அரசு 2021 அக்டோபர் 1-இல் முதியோர் வேலைவாய்ப்புக்கென்று 'சேக்ரட்' என்ற இணையதளம் தொடங்கியது. அது அறுபதைக் கடந்தவர்களுக்கு. இளைஞருக்குப் பயிற்சித் திட்டங்கள் இருக்கின்றன. நடுவில் இருக்கும் நாற்பத்தைந்து வயதுக்காரரின் பெயரைச் சொல்லி அழைக்கும் கதவு ஒன்றுகூட இல்லை.

அதனால் உங்களிடமே கேட்கிறேன். இந்த நகரத்தில் தமிழர் நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன, கல்லூரிகள் இருக்கின்றன, கோயில் சபைகள், மருத்துவமனைகள், சரக்குப் போக்குவரத்து அலுவலகங்கள், உணவகங்கள் இருக்கின்றன. இருபது வயதுப் பையனுக்கு வேலை வாங்கிக் கொடுத்த பழைய வழக்கத்தை ஐம்பது வயதுக்காரருக்காக மறுபடி எடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாட்டுங்காவில் ஒன்று, செம்பூரில் ஒன்று, தாராவியில் ஒன்று என்று மூன்று இடத்தில் மேசை போட்டு உட்காருங்கள். ஒரு பக்கம் பி.எஃப். காகிதம் பார்க்கத் தெரிந்த ஓய்வுபெற்றவர், ஒரு பக்கம் கணினியில் விண்ணப்பம் போடத் தெரிந்த கல்லூரிப் பிள்ளை. நடந்து போகும் தூரத்தில் இருக்கும் காலி இடங்களை எழுதிப் பலகையில் ஒட்டுங்கள். எட்டு மணி நேரம் நிற்க முடியாதவருக்கு நாலு மணி நேர வேலை கொடுங்கள். கணக்கு, கிடங்குப் பதிவேடு, வசூல், பள்ளி அலுவலகம், விடுதி மேற்பார்வை இதெல்லாம் முதிர்ந்த ஆள் செய்தால் நன்றாகவே இருக்கும்.

வேலை தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மறைக்காதீர்கள். வேலை போனதை முதல் வாரமே நாலு பேரிடம் சொல்லுங்கள். நம் ஊரில் வேலை கிடைத்ததெல்லாம் வாய்ச்சொல்லால்தான், இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கிறது. செட்டில்மென்ட் பணத்தை முதல் மாதமே யாருடைய தொழிலிலும் போடாதீர்கள்.

முதலாளிகளாக இங்கே வந்திருப்பவர்களுக்குக் கடைசி வேண்டுகோள். நாளை உங்கள் அலுவலகத்தில் ஆள் தேவை விளம்பரம் எழுதுவார்கள். அச்சுக்குப் போகும் முன் அதை வாங்கிப் பாருங்கள். வயது என்று ஒரு வரி இருந்தால் பேனா எடுத்து அடித்துவிடுங்கள். அதற்கு ஒரு சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.